பசுவிலிருந்து ஊசிக்கு: வாக்சின் என்ற சொல் வந்த வழி

என் பாட்டியின் இடது தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. பழைய காலணா அளவு. நடுவில் குழிந்து, ஓரம் சுருங்கி, சுற்றியிருந்த தோலைவிடச் சற்று வெளுப்பாக. "அம்மை குத்தினது" என்பார். பிற்பாடு வீட்டில் குழந்தை பிறந்து பிசிஜி ஊசி போட்டுக்கொண்டு வந்தபோதும் "அம்மை குத்தியாச்சா?" என்றுதான் கேட்டார். இது காசநோய்க்கான ஊசி, அம்மைக்கு இல்லை என்று நாங்கள் திருத்தினோம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாக்சின் என்ற சொல்லின் வரலாற்றைப் படித்த பிறகுதான், திருத்தப் போனது எங்கள் பிழை என்று எனக்குத் தெரிந்தது.

லத்தீனில் 'வக்கா' என்றால் பசு. 'வக்கீனுஸ்' என்றால் பசுவுக்குரியது, பசுவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் குளஸ்டர்ஷயர் பகுதியின் பெர்க்லி ஊரில் மருத்துவராக இருந்த எட்வர்ட் ஜென்னர், 1798-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் 'வரியோலே வக்கீனே' என்று எழுதினார். நேராகத் தமிழில் சொன்னால் பசு அம்மை. ஆனால் அந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஜென்னர் அல்லர். பால் கறப்பவர்களும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் முன்பே 'கௌ பாக்ஸ்' என்று சொல்லிவந்தார்கள். அது வந்து போனவர்களைப் பெரியம்மை தொடாது என்பதும் அவர்கள் அறிந்ததே. டார்செட்டைச் சேர்ந்த பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774-லேயே தன் மனைவிக்கும் மகன்களுக்கும் பசு அம்மையை ஏற்றியிருந்தார். ஜென்னர், 1796 மே 14 அன்று, பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். பிறகு பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு நோய் வரவில்லை. சோதித்ததும் எழுதி வெளியிட்டதும் அவர் செய்த பெரும்பணி. சொல்லைப் பொறுத்தவரை, தொழுவத்துப் பேச்சுக்கு லத்தீன் உடை போர்த்தினார், அவ்வளவுதான். லத்தீனில் இருப்பதாலேயே ஒரு கலைச்சொல் அறிஞர் மேசையில் பிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

ஜென்னருக்கு முந்தைய முறையின் பெயர் இன்னும் அழகானது. பெரியம்மைக் கொப்புளத்துச் சீழையே தோலை இலேசாகக் கீறி ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இந்தியாவிலும் துருக்கியிலும் இருந்தது. துருக்கியில் அதைப் பார்த்த மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி, 1721-இல் லண்டனில் தன் மகளுக்குச் செய்வித்தார். ஆங்கிலத்தில் அதற்கு 'இனாகுலேஷன்' என்று பெயர் வந்தது. 'ஓகுலுஸ்' என்றால் லத்தீனில் கண். செடியின் கணுவில் விழித்து நிற்கும் மொட்டுக்கும் அதே பெயர். ஒரு செடியின் மொட்டை இன்னொரு செடியில் பதிப்பதுதான் இனாகுலேஷன். ரோஜா நாற்றங்காலில் மொட்டுக் கட்டுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காட்டு ரோஜாத் தண்டின் பட்டையில் கத்தி நுனியால் சிறு கீறல். பட்டையை மெல்லத் தூக்கி, நல்ல ரகத்தின் மொட்டைச் செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி நாடாவால் சுற்றுவார். சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். கையைக் கீறி, சிறிது சீழை வைத்துக் கட்டிவிட்ட அம்மை வைத்தியரின் வேலையும் அப்படியே இருந்திருக்கிறது. உடலை ஒரு செடியாகப் பார்த்த பெயர் அது.

பெரியம்மையின் லத்தீன் பெயரான 'வரியோலா'வுக்கு இரண்டு மூலங்கள் சொல்கிறார்கள். ஒன்று 'வரியுஸ்', பல நிறம் கொண்டது, புள்ளி விழுந்தது. மற்றது 'வாருஸ்', அதாவது பரு. இங்கே தமிழுக்குள் ஒரு கணம் நிற்கத் தோன்றுகிறது. முகத்தில் வருவதும் நமக்குப் பரு. கரும்புக் கணுவில் முளைக்கக் காத்திருப்பதும் பரு. 'ஒரு பரு கரணை' என்று கரும்பு விவசாயிகள் அன்றாடம் சொல்கிறார்கள். லத்தீன் இரண்டு சொற்களில் வைத்ததைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. இது உறவு அன்று, தற்செயல்தான். ஆனால் தோலையும் செடியையும் ஒரே கண்ணால் பார்க்கும் பழக்கம் மனிதர்களுக்குப் பொது. ரஷ்ய மொழியில் தடுப்பூசி 'ப்ரிவிவ்கா', ஒட்டுப்போடுதல். ஜெர்மானியரின் 'இம்ப்ஃபென்' என்ற வினையும் ஒட்டுக்கட்டுதலிலிருந்து வந்தது. அரபியில் 'லகாஹ்', பேரீச்சைக்கு மகரந்தம் சேர்ப்பதைக் குறிக்கும் சொல். சீனத்தில் எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொண்டால் கொள்ளைநோயின் நாற்று. இந்தியில் 'டீக்கா', நெற்றிப் பொட்டு. தோலில் விழும் அடையாளத்தைக் கண்டு வந்த பெயர்.

'வாக்சினேஷன்' என்ற சொல்லை 1800-இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் டன்னிங் என்ற பிளிமத் மருத்துவர். அடுத்த எண்பது ஆண்டுகள் அதற்கு ஒரே பொருள்: பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுப்பது. 1881-இல்தான் அந்த வேலி உடைந்தது. லூயி பாஸ்டர் அதற்கு முன்பே கோழிக் காலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து, அதையே காப்பாகத் தரலாம் என்று கண்டிருந்தார். 1881 மே மாதம் பூயி-ல-ஃபோர் பண்ணையில் ஆட்டுக்கூட்டத்துக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பைப் போட்டு உலகறியச் செய்தார். அந்த ஆகஸ்டில் லண்டனில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டில், ஜென்னருக்குச் செய்யும் மரியாதையாக, வாக்சினேஷன் என்ற சொல்லின் பொருளை இவை எல்லாவற்றுக்கும் விரிப்பதாக அறிவித்தார். கோழிக்கும் ஆட்டுக்கும் பசுவின் பெயர்! பாஸ்டருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. அதில் பசு 'வாஷ்'. சொல்லுக்குள் பசு நிற்பது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். கேட்டும் விரித்தார். அறிவியல் சொற்களின் வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான முடிவை நான் படித்ததில்லை.

பெயரில் உள்ள பசுவும் முழு உண்மை இல்லை. இந்த நோய் குதிரைக் குளம்பு நோயிலிருந்து பசுவுக்கு வந்தது என்று ஜென்னரே நம்பினார். 1939-இல் ஆலன் டௌனி, தடுப்பூசியில் பயன்படும் வைரஸும் பசு அம்மை வைரஸும் வெவ்வேறு என்று காட்டினார். 1902-இல் அமெரிக்காவில் தயாரான ஒரு தடுப்பூசியின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டவர்கள், அது குதிரை அம்மைக்கு மிக நெருங்கியது என்று கண்டார்கள். (ஜென்னரின் நூலில் 'வைரஸ்' என்ற சொல்லும் வருகிறது. அன்று அதன் பொருள் நச்சுநீர்தான். நுண்ணுயிர் என்ற பொருள் நூறாண்டு கழித்து வந்து சேர்ந்தது.) ஆக, குதிரையிலிருந்து வந்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் பசுவின் பெயர். அதனால் அந்தச் சொல்லுக்கு ஒரு குறைவும் வரவில்லை.

பசு அம்மை 1802-இல் பாக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாய் வந்தது. ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே ஏற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்துவிட்டது. மக்கள் அஞ்சினார்கள். மாரியம்மன் முத்துப் போட்டிருக்கிறாள் என்று வணங்கும் இடத்தில் கத்தியோடு வந்து நிற்பவரை யார் உள்ளே விடுவார்கள்? திராவிட மொழிகளின் தனித்தன்மையை முதலில் எடுத்துக்காட்டிய எல்லிஸ், இந்த அச்சத்தைப் போக்கவே சக்தியும் தன்வந்தரியும் உரையாடுவதுபோலத் தமிழில் ஒன்றை எழுதினார். அரசாங்க உத்தரவு செய்யாததைக் கதை செய்யும் என்று அவர் நம்பியிருக்கிறார். 1899-இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்த நிணநீரே தடுப்பூசி மருந்தாயிற்று. தமிழில் அதன் பெயர் அம்மைப்பால்.

அம்மைப்பால் என்ற சொல்லை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. நோய், தெய்வம், தாய் மூன்றும் 'அம்மை'யில் இருக்கின்றன. 'பால்' என்றதும் லத்தீன் பசு யாரும் அழைக்காமலே வந்து நிற்கிறது. அதை ஏற்றுவது 'அம்மை குத்துதல்'.

இன்று நாம் சொல்வது தடுப்பூசி. நல்ல சொல்தான், செயலும் பயனும் ஒருசேர விளங்குகின்றன. விளங்குவதாலேயே அதற்கு ஓர் எல்லையும் உண்டு. போலியோவுக்கு வாயில் விடுவதை ஊசி என்று சொல்ல நா வராது. சொட்டு மருந்து என்றோம். மூக்கில் விடுவது வந்தபோது தடுப்பு மருந்து என்று மாற்றிக்கொண்டோம். 'வாக்சின்' அப்படித் தடுமாறவில்லை. அதற்குள் இருக்கும் பசுவைச் சொல்பவர்கள் மறந்துவிட்டதால், எதை வைத்தாலும் அது ஏற்றுக்கொள்கிறது. கலைச்சொல்லுக்குப் பொருள் விளக்கம் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்களோடு நான் வேறுபடும் இடம் இது. பழகிய சொல்லை விரிக்கும் துணிவும் வேண்டும். பாட்டியிடம் அது இருந்தது. காசநோய் ஊசியை அம்மை குத்துதல் என்று அவர் சொன்னபோது செய்தது, லண்டன் மாநாட்டில் பாஸ்டர் செய்ததேதான்.

இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகிலிருந்தே நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அம்மை குத்துவது நின்றது. அந்தத் தழும்பு உள்ளவர்களில் இளையவர்களுக்கே இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் ஊரில் அதை என்ன சொல்லி அழைத்தார்கள், குத்த வந்தவருக்கு என்ன பெயர், புண் ஆற என்ன தடவினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.