நீட்டிய கையில் தண்ணீர்

யாழ்ப்பாணத் தீவான வேலணையில் தண்ணீருக்கு இரண்டு பெயர். பல வளவுக் கிணறுகளில் ஊறுவது உவர். தேடிப் போய் அள்ளி வருவது நல்ல தண்ணி. சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணியைக் குடத்தில் ஏந்தி, ஒரு துளி சிந்தாமல் வெண்மணலில் நடந்துவந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தானோ என்னவோ, ஈழத்து நாடக நெறியாளர் க. பாலேந்திராவின் நாடக வாழ்வை நினைக்கும்போதெல்லாம் என் மனம் முதலில் ஒரு தண்ணீர்க் குடுவையில் போய் நிற்கிறது.

1979இல் அவர் மேடையேற்றிய 'யுகதர்மம்', ஜெர்மானியரான பிரெக்டின் நாடகம். பாலைவனத்தில் ஒரு வணிகன், அவனுடைய சுமைகூலி. வழி தவறிவிட்டது, தண்ணீரும் தீர்ந்துகொண்டிருக்கிறது. வேலையிலிருந்து விலக்கப்பட்ட வழிகாட்டி போகும்போது இரகசியமாகக் கொடுத்த குடுவை ஒன்று கூலியிடம் இருக்கிறது. அதை முதலாளியிடம் நீட்டுகிறான். கல்லை ஓங்குகிறான் என்று நினைத்து முதலாளி சுட்டுவிடுகிறான். நீட்டும் கைக்கும் ஓங்கும் கைக்கும் இடையே எத்தனை மெல்லிய இழை! கூலி அதை அன்பினால் மட்டும் நீட்டவில்லை. முதலாளி தாகத்தில் சாகக் கிடக்க, தன்னிடம் தண்ணீர் இருந்தது தெரிந்தால் வழக்காகிவிடுமே என்ற ஏழையின் அச்சமும் அந்தக் கையில் நடுங்குகிறது. எத்தனை முறை நினைத்தாலும் அந்த நடுக்கத்தின் அழகு எனக்குத் தீருவதில்லை.

பெயரையும் பாருங்கள். மூலத்தின் தலைப்பு விதியையும் விலக்கையும் பேசுவது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் 'யுகதர்மம்' என்றது எவ்வளவு கனிந்த தேர்வு! நாடக முடிவில் கொன்றவனை நீதிமன்றம் விடுவித்துவிடுகிறது. காலத்தின் அறமே இப்படித்தான் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது அந்த ஒற்றைச் சொல்.

அதே ஆண்டில் ஸ்பானியரான லோர்காவின் கடைசி நாடகம் 'ஒரு பாலை வீடு' ஆகி வந்தது. எட்டு ஆண்டுத் துக்கம் விதிக்கும் தாய், அடைபட்ட ஐந்து பெண்கள், ஆணின் உருவமே தெரியாத மேடை. நம் இலக்கணத்தில் பாலைக்குத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால்தான் பாலை. செழித்திருக்க வேண்டிய வீடு திரிந்துபோன கதைக்கு இதைவிடப் பொருந்தும் பெயருண்டா? கிடுகு வேலிக்குள் அடங்கிய குரல்களைக் கேட்ட எங்களுக்கு ஸ்பெயினின் அந்த வீடு அடுத்த வளவுதான்.

கொழும்பை அடுத்த கட்டுபெத்தையில் பொறியியல் படித்தவர் பாலேந்திரா. 1978இல் உருவான அவருடைய குழுவின் பெயரே ஒரு செதுக்கல்: தமிழ் அவைக்காற்று கலைக் கழகம். அவைக்கு ஆற்றுவது. உணவு படைப்பதுபோல ஒரு பணிவு அதில் இருக்கிறது. அவ்வாண்டின் 'கண்ணாடி வார்ப்புகள்' நாடகத்தில் ஒடுங்கிப்போன ஒரு பெண் தன் கண்ணாடி மிருகங்களைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். பாலேந்திராவும் அவர் மனைவி ஆனந்தராணியும் பின்னர் லண்டனுக்குப் பெயர்ந்தபோது, அந்தப் பக்குவத்தோடுதான் நாடகத்தையும் கையில் ஏந்திப் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் அவர்களிடம் தமிழில் நாடகம் பயின்றார்கள்.

எங்கள் ஊரில் தண்ணீர் கேட்டு வருபவருக்குச் செம்பைக் கழுவி, நிறைத்து, வலக்கையால் கொடுப்போம். வாங்குபவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நிற்போம்.