கதைகள் காட்டாத மருந்துச் சீட்டு

ஒரு படைப்பு எதைச் சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்று ஆராய்வதோடு திறனாய்வாளனின் பணி முடிந்துவிடுவதில்லை. அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்பதும் அவன் கடமையே. ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்தவர்கள் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரைக்கதைகளிலும் நாவல்களிலும் இடம்பெற்று வருகிறார்கள். அக்கதைகளைக் கண்டு நாம் கண் கலங்கியிருக்கிறோம். ஆயினும், அத்தகைய பிள்ளையைப் பெற்ற வீடுகளில் இரவுதோறும் எழுகின்ற ஒரு கேள்வி, அக்கதைகளின் மையத்தில் இடம்பெறக் காணோம். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்பதே அக்கேள்வி. நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் அந்த விடுபாடுதான்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 1943ல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை உலகுக்கு விளக்கினார். தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்றனர் சிலர். 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றன அரசு ஏடுகள். இரண்டுமே பிள்ளையிடம் இல்லாததைச் சுட்டுகின்றனவே தவிர, இருப்பதைச் சுட்டவில்லை. பேசாத பிள்ளை சிந்திக்காத பிள்ளை என்று யார் முடிவு செய்தது? பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், பிறகு அப்பிள்ளைக்காக எடுக்கப்படும் முடிவுகளில் அப்பிள்ளையை யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே ஆட்டிசம் என்ற சொல்லையே நாம் ஆள்கிறோம்.

இனிக் கதைகளுக்கு வருவோம். 1988ல் வெளிவந்த 'ரெயின் மேன்' என்ற அமெரிக்கப் படத்தின் நாயகன் எண்களை வியக்கத்தக்க வகையில் நினைவில் வைத்திருப்பவன். 2010ல் வெளிவந்த 'மை நேம் இஸ் கான்' நம் சமுதாயத்தினர் பெரிதும் வரவேற்ற படம். அதன் நாயகன் ரிஸ்வான் கான், பழுதான பொருள் எதையும் செப்பனிடும் ஆற்றல் படைத்தவன். 2013ல் ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய 'ஹரிதாஸ்' தமிழில் இப்பொருளை நேர்மையோடு அணுகிய படம். தாயை இழந்த சிறுவனைக் காவல்துறை அதிகாரியான தகப்பன் வளர்க்கிறார். பிள்ளைக்கு ஓட்டத்தில் இருக்கும் திறமை வெளிப்படுகிறது. பிள்ளையைப் புரிந்துகொள்ளத் தம்மையே மாற்றிக்கொள்ளும் அத்தகப்பனின் பொறுமை நம் நெஞ்சை விட்டு அகலாதது.

இப்படங்களின் சிறப்பை மறுப்பது நம் நோக்கமன்று. எனினும் இவை மூன்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. குறையோடு வந்த பிள்ளை, ஒரு நிறைவைக் காட்டி உலகின் மதிப்பைப் பெறுகிறான். வாழ்க்கையிலோ ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அத்தகைய அபூர்வத் திறன் இருப்பதில்லை. கூட்டல் கணக்கும் வராமல், ஓட்டப் பந்தயமும் ஓடாமல், இரவு முழுதும் உறங்காமல், தன் கையைத் தானே கடித்துக்கொள்ளும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இக்கதைகளில் இடம் எங்கே? அவன் தாய் இக்கதைகளிலிருந்து எதைப் பெற்றுக்கொள்வாள்? தன் பிள்ளையிடம் ஒளிந்திருக்கும் திறமையைத் தான் கண்டுபிடிக்கவில்லையே என்ற ஏக்கத்தைத்தான்.

திரையை விட்டுக் கரைக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே, பொன்னேரிக்கு அப்பால், பழவேற்காட்டு ஏரியும் கடலும் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். டச்சுக்காரர்கள் துணி வாங்கவும் கோட்டை கட்டவும் வந்த அப்பழைய துறைமுகத்தில், இன்று முஸ்லிம் குடும்பங்களும் மீனவர் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. பனையோலைக் கூடை முடையும் பெண்கள் அங்கே உண்டு. விடியுமுன் தகப்பன் படகுக்குப் போய்விட்டான். இரவெல்லாம் உறங்காத பிள்ளை, கதவு திறந்த நொடியில் நீரை நோக்கி ஓடுகிறான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீரின் மீது அடங்காத ஈர்ப்பு உண்டு. வீட்டைவிட்டு அலைந்து நீரில் மூழ்குவது அவர்கள் உயிருக்குப் பேராபத்து என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அத்தாயின் கையில் ஒரு மருந்துச் சீட்டு இருக்கிறது. அதை எழுதியவரை மீண்டும் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். மத்திய அரசு 2005ல் முட்டுக்காட்டில் நிறுவிய பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்துக்குப் போவதென்றால், வடகோடியிலிருந்து தென்கோடி வரை நகரையே கடக்க வேண்டும். ஒரு நாள் பாடு போயிற்று.

அவளைச் சுற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகி மரக்கட்டை ஆகிவிடுவான் என்பது ஒன்று. மாத்திரை கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்பது மற்றொன்று. முன்னது அச்சத்தின் கதை. பின்னது ஆசையின் கதை. நம் எழுத்தாளர்கள் மூன்றாவது கதை ஒன்றைச் சொல்லாததால், அவள் இவ்விரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டியவளாகிறாள்.

உண்மை என்ன? ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. பேச்சையும் பிறரோடு பழகும் ஆற்றலையும் தரும் மாத்திரை எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் கடுஞ்சினம், தன்னையோ பிறரையோ காயப்படுத்துதல் ஆகியவற்றைச் சில மருந்துகள் தணிக்கின்றன. 2002ல் அமெரிக்காவில் 5 வயது முதல் 17 வயது வரையுள்ள 101 பேரிடம் ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை எட்டு வாரம் ஆய்ந்தனர். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 69 பேரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பொய் மாத்திரை பெற்றவர்களில் 12 பேரிடமே தெரிந்தது. அதே எட்டு வாரத்தில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 2.7 கிலோ ஏறியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ. இவ்விரண்டு கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2006ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்தை ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கடுஞ்சினத்துக்கு மட்டுமே ஏற்றது. 2009ல் அரிபிப்ரசோலை ஆறு வயது முதல் ஏற்றது. மிகச் சிறு குழந்தைகளுக்கு அந்த ஒப்புதல் நீளவில்லை. பசி மிகுதல், மயக்கம், சர்க்கரை கூடுதல், உடல் நடுக்கம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து இது. இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2013ல் வகுத்த நெறியின்படி, மற்ற வழிகள் போதாத போதே இத்தகைய மருந்தை எண்ண வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் பலனை மதிப்பிட வேண்டும். ஆறு வாரத்திலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லையேல் நிறுத்த வேண்டும்.

ஆகவே, மாத்திரை என்பது விதியின் முடிவு அன்று. காலவரையறை உள்ள ஒரு சோதனை. தொடங்கலாம், அளக்கலாம், மருத்துவர் சொற்படி மெல்லக் குறைத்து நிறுத்தலாம். பழவேற்காட்டு மீனவர்கள் 'பாடு' முறையில் இன்ன நாளில் இன்னவர் இன்ன இடத்தில் வலை இடுவது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்கிறார்கள். எல்லை வகுத்து ஒரு காரியத்தைச் செய்யும் அறிவு அக்கரைக்குப் புதிதன்று. அந்த அறிவை மருந்து விஷயத்திலும் பயன்படுத்தலாம் என்று அம்மக்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே குறை.

அளப்பது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998ல் அமெரிக்காவில் செக்ரெடின் என்ற சுரப்பு நீரை ஊசியாகப் பெற்ற மூன்று குழந்தைகளிடம் வியத்தகு முன்னேற்றம் தெரிந்ததாகச் செய்தி பரவியது. பெற்றோர் அம்மருந்தைத் தேடி அலைந்தனர். 1999ல் அறுபது குழந்தைகளை வைத்து முறையாகச் சோதித்தபோது, அந்த ஊசிக்கும் வெறும் உப்பு நீர் ஊசிக்கும் வேறுபாடே தெரியவில்லை. இதில் சிந்திக்க வேண்டிய செய்தி வேறொன்று. பலன் இல்லை என்று அறிந்த பின்னரும், அப்பெற்றோரில் நூற்றுக்கு 69 பேர் அம்மருந்தில் நாட்டம் குறையாமலே இருந்தனர். அவர்களை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. ஆசையோடு பார்க்கும் கண், இல்லாததையும் காணும். அதனால்தான் கண்ணுக்குத் துணையாக ஒரு குறிப்பேடு வேண்டும். எத்தனை மணி நேரம் உறங்கினான், எத்தனை முறை கையைக் கடித்தான், எவ்வளவு உண்டான் என்று நாள்தோறும் எழுதி வைத்தால், அதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

மேலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மருந்து யாருக்காக? பிள்ளையின் வேதனைக்கா, நம் அச்சத்துக்கா? நீரை நோக்கி ஓடும் பிள்ளைக்கு முதல் தேவை வாசலில் ஓர் உயரமான தாழ்ப்பாள்; வேலி; அவனை அடையாளம் கண்டு கூப்பிட்டுச் சொல்லும் அண்டை வீடுகள்; இயன்றால் நீந்தக் கற்றுக்கொடுக்க ஒருவர். கதவுக்குத் தாழ் போடாமல் பிள்ளையின் மூளைக்குத் தாழ் போடுவது முறையாகுமா? பேச முடியாத பிள்ளை கையைக் கடிப்பது பல்வலியாலும் இருக்கலாம். மலச்சிக்கலாலும் காதுவலியாலும் இருக்கலாம். அதைத் தேடிப் பார்க்காமல் கொடுக்கும் மாத்திரை, அழுகையை நிறுத்துமே தவிர வலியை நிறுத்தாது. வலிப்பு நோய் உடனிருந்தால் நிலைமை வேறு: அதற்குரிய மருந்தைக் கைவிடுவதே ஆபத்து. பிள்ளையின் சைகையைப் புரிந்து மறுமொழி தரத் தாய்க்குக் கற்பிக்கும் பயிற்சியும் உண்டு. நம் நாட்டின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களில், சிறப்பு மருத்துவர் அல்லாத பணியாளர்களைக் கொண்டே இதைச் செய்ய முடியும் என்று 2016ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குப்பங்களுக்கு இது எட்டாக் கனியன்று.

பிள்ளையை அடக்குவதை மருத்துவம் என்று எண்ணினால் என்ன நேரும் என்பதை நம் சமுதாயம் மறந்திருக்காது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டனர். ஆட்டிசம் மனநோய் அன்று. ஆயினும் தன் துயரைச் சொல்ல இயலாதவனைப் பிறர் கட்டிப்போடும் கதை இரண்டுக்கும் பொது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. அளவும் கண்காணிப்பும் இன்றிக் கொடுக்கப்படும் மாத்திரையும் ஒரு சங்கிலியாகலாம். அதே வேளை, அச்சத்தால் மருந்தை அறவே ஒதுக்குவதும் நீதியன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்கியதை நாம் அறிவோம். குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008 முதல், துஆவுக்கு வருவோரை மருத்துவரிடமும் சேர்க்கும் 'தவா – துஆ' ஏற்பாடு நடந்தது. பின்னர் ஏர்வாடியிலும் அது தொடங்கப்பட்டது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

மருந்தைப் பற்றி ஆட்டிசம் உள்ளவரே எழுதிய பக்கங்கள் உலக இலக்கியத்தில் உண்டு. அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் 1995ல் எழுதிய 'திங்கிங் இன் பிக்சர்ஸ்' நூலில், இளமை முதல் தம்மை வாட்டிய பெரும் பதற்றம் சிறு அளவு மருந்தால் தணிந்ததை விவரிக்கிறார். அவர் வளர்ந்தவர், தாமே தேர்ந்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. அவனுக்காகத் தேர்பவர், அவன் சாட்சியாகவும் இருக்க வேண்டியவர். தமிழில் யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவல், காணாமற்போன ஓர் ஆட்டிசச் சிறுவனைச் சுற்றி இவ்வுலகத்தை வாசகனுக்குத் திறந்து வைத்தது. அது நல்ல தொடக்கம். அத்தடத்தில் இன்னும் பல அடிகள் எடுத்து வைக்க வேண்டும்.

நம் எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. அற்புதத்தில் முடியாத ஒரு கதையை எழுதுங்கள். பந்தயமும் பரிசும் அதில் வேண்டாம். ஆறு வாரமும் ஒரு குறிப்பேடும் போதும். ஒரு வாரம் உறக்கம் கூடுகிறது. அடுத்த வாரம் எடையும் கூடுகிறது. தாய் ஒன்று நினைக்கிறாள். மாமியார் வேறொன்று சொல்கிறார். தகப்பன் கடலிலிருந்து திரும்பி வந்து கணக்கைப் பார்க்கிறான். தொடர்வதென்று முடிவு செய்தாலும் சரி, நிறுத்துவதென்று முடிவு செய்தாலும் சரி, அவர்கள் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று காட்டினால் போதும். கொடுத்தவளைக் கொடியவள் என்றும், கொடாதவளை அறியாதவள் என்றும் ஊர் சொல்லும் பழி அன்றுதான் ஓயத் தொடங்கும்.