மூலையில் மாட்டிய பெட்டி

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது சக்கரத்தோடு ஒட்டி, கையில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்களை. சித்திரை வீதி முனை வந்துவிட்டால் அவர்கள் ராஜ்ஜியம்தான். கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எப்போது கொடுப்பது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். தப்பினால், தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது!

எனக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர் கேம். பெயர் சோகோபான்.

பி.காம். படித்தபோது, திருச்சி தில்லைநகரில் ஒரு சென்டருக்கு டாலி கற்கப் போவேன். சார் டீ குடிக்கப் போனதும் பையன்கள் டேவ், டிக்கர் என்று இறங்கிவிடுவார்கள். ஓரத்து மெஷின்தான் எனக்கு. அதில் இருந்தது இது ஒன்றுதான்.

ஜப்பான்காரர் ஹிரோயுகி இமபயாஷி உருவாக்கியது. 1982-ல் அவருடைய திங்கிங் ராபிட் கம்பெனி அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்டது. சோகோபான் என்றால் குடோன் காப்பவர். சந்துபொந்தாகச் சுவர்கள் உள்ள குடோனில், பெட்டிகளைக் குறி போட்ட இடங்களுக்குத் தள்ள வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஒரு தடவைக்கு ஒரு பெட்டிதான். சட்டம் அவ்வளவே. துப்பாக்கி இல்லை, துரத்தும் பூதம் இல்லை.

'பூ, இவ்வளவுதானா!' என்பீர்கள். நானும் சொன்னேன். 1997-ல் ஜோசப் கல்பர்சன் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, பொதுவாகப் பார்த்தால் இது மகா கடினமான கணக்குகளின் ஜாதி என்று நிரூபித்திருக்கிறார்.

ஆனால், இதன் பெருமை கடினத்தில் இல்லை. மற்ற கேம்களில் தப்பு செய்தால் உடனே செத்துப்போவீர்கள். இது அப்படியில்லை. பெட்டியை ஒரு மூலையில் தள்ளிவிட்டீர்களா? முடிந்தது கதை. அதை வெளியே தள்ள நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் சுவர் இருக்கிறது. ஆனால், கேம் வாயே திறக்காது. மிச்சப் பெட்டிகளை அழகாக அடுக்க விட்டு வேடிக்கை பார்க்கும். கடைசியில்தான் உறைக்கும், தப்பு அரைமணிக்கு முன்பே நடந்துவிட்டதென்று.

பி.காம். முடித்து சி.ஏ. இன்டர் எழுதினேன். நாலு தடவை. இரண்டாவது தடவையே பெட்டி மூலையில் மாட்டிவிட்டது எனக்குத் தெரியும். இருந்தும் புது நோட்டு, கலர் பேனா, சுவரில் டைம்டேபிள் என்று மற்ற பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் ஃபீஸ் கட்டினார். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

இன்று மொபைலில் வரும் பல சோகோபான்களில், செய்ததை ரத்து செய்ய ஒரு பட்டன் இருக்கிறது. என் மகன் தள்ளிப் பார்க்கிறான். சரிவராவிட்டால் நாற்பது அடி பின்னால் வருகிறான். ஒரு சின்னப் பிசகுக்காக முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடுவது அலுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தள்ளுவதற்கு முன் கை நிற்குமே ஒரு நொடி, அதற்காகத்தான் இந்த கேமே. பட்டன் அதைத் தின்றுவிடுகிறது.

ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க ஒரு சாவியைத் தட்டினால் போதும். சி.ஏ.வை விடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

''சரிடா, வேற பாரு'' என்றார். அவ்வளவுதான்.