வாசல் வேலை

மார்கழிக்கான வேலை எங்கள் வீட்டில் புரட்டாசிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். புறவாசலில், கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில், அம்மா பூசணி விதை ஊன்றுவாள். ஐப்பசி மழையில் கொடி ஓடி மாட்டுத்தொழுவத்தின் கூரையில் ஏறும். மார்கழி பிறக்கும்போது பூ கண்டிருக்கும். சாணி உருண்டையில் செருகி, வாசல் கோலத்தின் நடுவில் வைப்பதற்கான பூ அது. எந்தப் பூவைப் பறிக்கலாம் என்பதில் அம்மாவுக்குக் கணக்கு உண்டு. நீண்டு மெலிந்த காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிக்காய் போல முடிச்சு இருந்தால் பெண்பூ. ஆண்பூவைத்தான் கிள்ளுவாள். அதிலும் எல்லாவற்றையும் கிள்ளமாட்டாள். “ரெண்டை விட்டு வையி, காய் பிடிக்கணும்லா” என்பாள். ஐந்தாவது வரை படித்தவள். மகரந்தம் என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

பொங்கல் நெருங்க நெருங்க வேலை பெருகும். மழையில் அரித்துப் போன வாசலுக்குக் குளத்து மண் சுமந்து வந்து கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்துச் சமப்படுத்த வேண்டும். காய்ந்து வெடித்தால் திரும்பவும் இடிக்க வேண்டும். அதன்மேல் சாணிப்பால் மெழுக வேண்டும். வேலியோரக் களையை எடுக்க வேண்டும். துளசி மாடத்துக்குக் காவி. சுவருக்கு வெள்ளையடிக்க ஓர் அண்ணாச்சி ஏணியோடு வருவார். அவருக்குக் கூலி உண்டு. சுவரைச் செய்தவருக்குக் கூலி கொடுத்த வீடு, தரையைச் செய்தவளுக்கு ஒன்றும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

சமையலறையைப் பற்றிப் பேச நமக்கு ஒரு விமர்சன மொழி கிடைத்துவிட்டது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ வந்த பிறகு, அடுப்படியை வெறும் பாசத்தின் இடமாக யாரும் கூச்சமில்லாமல் எழுத முடியாது. வாசலுக்கு அப்படி ஒன்று நேரவில்லை. வாசலைப் பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் பாராட்டுத்தான்.

கோலம் கலை என்பது ஒரு பாராட்டு. கோலம் எறும்புக்கு உணவு, பெண்ணின் ஈகை என்பது இன்னொன்று. அரிசிமாவுக் கோலத்துக்கு அது பொருந்தும். ஆனால் கடையில் நாம் வாங்குகிற கோலமாவில் பெரும்பாலானவை கல் பொடி. எறும்பு அதை என்ன செய்யும்? இருந்தும் பள்ளிக்கூடக் கட்டுரை முதல் தொலைக்காட்சிப் பொங்கல் நிகழ்ச்சி வரை அந்த எறும்பு விடாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது பாராட்டு கணிதம். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் புள்ளிக் கோலங்களின் வரிசை இலக்கணத்தை ஆராய்ந்து எழுதினார்கள். கணினி அறிவியலில் அது மதிக்கப்படும் வேலை. மூவரில் இருவர் பெண்கள் என்பதையும் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த ஆய்வின் புகழை எடுத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, நம் பாட்டிகள் அன்றே கணித மேதைகள்” என்று மேடையில் முழங்குகிறவர்கள்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. மேதை என்று சொல்லிவிட்டால் அவள் விடியற்காலை நான்கரை மணிக்குப் பனியில் குனிந்து நின்றதைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பாராட்டுகளுக்கெல்லாம் பொதுவான ஓர் ஏற்பாடு இருக்கிறது. செய்து முடித்ததைப் பார்க்கும். செய்கிற நேரத்தைப் பார்க்காது. நம் இலக்கிய வாசிப்பிலும் இது உண்டு என்பதை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவி.

முதுகலை வகுப்பில் நெடுநல்வாடை நடத்திக்கொண்டிருந்தேன். குளிர்காலத்துக்கு ஒரு நகரமே தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்வதைக் காட்டும் பாட்டு அது. தூறலைப் பொருட்படுத்தாமல் ஆண்கள் கள் குடித்த மகிழ்ச்சியில் தெருவில் மனம்போனபடி திரிகிறார்கள். உடனே அடுத்த காட்சியில் பெண்கள். மழைமூட்டத்தில் பொழுது தெரியவில்லை. கூடையில் இட்டுவைத்த பிச்சி அரும்பு விரிந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை அறிகிறார்கள். இரும்பு விளக்கில் நெய்த்திரி ஏற்றுகிறார்கள். நெல்லும் பூவும் தூவித் தொழுகிறார்கள். காலக் கருவியாகப் பிச்சியைப் பயன்படுத்தும் நுட்பத்தை வியந்து பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுந்தாள். “அம்மா, நெல்லையும் பூவையும் தூவிட்டாங்க சரி. மறுநாள் காலையில அந்த இடத்த யாரு பெருக்குனா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று இரவு பாட்டைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

பாட்டு முழுக்க வேலை முடிந்த பொருள்கள். சந்தனக்கல் பயன்படாமல் கிடக்கிறது. மேல்மாடத்துக் கதவுகள் வாடைக்கு அஞ்சி அடைபட்டிருக்கின்றன. வேனிலில் வீசிய வட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது, அதில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. அந்த விசிறியை அழகாகச் செய்த கைவினைஞன் பாட்டில் இருக்கிறான். அதைச் சுருக்கி மாட்டிய கை பாட்டில் இல்லை. கதவை இழுத்துச் சாத்தியவர் இல்லை. தொங்குகிறது, கிடக்கிறது, அடைபட்டிருக்கிறது என்ற வினைகளுக்குப் பின்னால் ஒரு வீடு நிறைய ஆட்கள் மறைந்து நிற்கிறார்கள். வாசனைப் பொருள் அரைக்கும் ஏவலாளர் மட்டும் ஓரடியில் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள்.

நக்கீரரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விசிறியையும் விளக்கையும் கவனித்த கண் அவருடையது. 188 அடிகளில் அரசன் பாசறையில் நடப்பது கடைசியில் கொஞ்ச இடந்தான். குறை நம் வாசிப்பில் இருக்கிறது. நச்சினார்க்கினியர் தொடங்கி இன்றைய தேர்வு வினாத்தாள் வரை இந்தப் பாட்டைப் பற்றிய பெரிய கேள்வி, இது அகமா புறமா என்பது. வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது, வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆகவே புறம். ஒரு வேலின் தலையில் கட்டிய தழைக்கு இத்தனை நூற்றாண்டு உரை. விளக்கேற்றியவர்களுக்கு “காலவருணனை” என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

உழைப்பை உழைப்பாகவே சொன்ன குரல் நம் மரபில் இல்லாமல் இல்லை. ஆண்டாளை நாம் மார்கழியின் சொத்தாக்கி, திருப்பாவையின் 30 பாட்டுகளோடு நிறுத்திக்கொண்டோம். நாச்சியார் திருமொழி அதற்கடுத்த தை மாதத்தில் தொடங்குகிறது. அங்கே அவள் தரையைத் துப்புரவாக்குகிறாள், மண்டலம் இடுகிறாள், நுண்மணல் பரப்பித் தெருவை அழகுசெய்கிறாள். இரண்டாம் பத்தில் சிறுமியர் மணலில் சிற்றில் கட்டியிருக்கிறார்கள். கண்ணனிடம் அதை அழிக்காதே என்று வேண்டுகிறார்கள். அந்த வேண்டுதலின் நடுவே, உட்கார்ந்து இழைத்து இழைத்து முதுகு நோகிறது என்ற செய்தியும் வந்துவிடுகிறது. எனக்கு அந்த முதுகுவலி மிக முக்கியம். பக்தி வாசிப்பு இதை இறைவனின் விளையாட்டாகக் காண்கிறது, காணட்டும். கட்டியவள் தன் உடம்பில் என்ன நேர்ந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறாள்.

பிள்ளைத்தமிழ் இதையே இலக்கணமாக்கியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில். பாட்டுடைத் தலைவனான ஆண்குழந்தை சிறுமியரின் மணல்வீட்டைக் காலால் அழிக்க வருவான், அவர்கள் கெஞ்சுவார்கள். அழிப்பது அவன் வளர்ச்சியின் ஒரு படி. கட்டியவர்களுக்குப் பாட்டில் பெயரில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களில் அம்மானை, கழங்கு, நீராடல், ஊசல் என்று விளையாட்டுகள் வருகின்றன. எவனுடைய வீட்டையும் அழிக்கும் பருவம் அவளுக்கு வகுக்கப்படவில்லை. வகுக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. கெஞ்சுவதைக் கேட்டுப் பழகிய நம் காதுகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிற்றில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிறுவீட்டுப் பொங்கல் என்பார்கள். மார்கழி முழுக்கக் கோலத்தில் வைத்த பூசணிப்பூவைச் சாணியோடு தட்டிக் காயவைத்துச் சேர்ப்போம். தை முடிவதற்குள் ஒரு நாள், வாசலில் களிமண்ணால் சாண் உயரச் சுவர் எழுப்பி ஒரு வீடு. சிறுமிகள் அதில் பொங்கலிட்டு, மாலையில் அந்தப் பூ வறட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ விடுவோம். என் சிறுவீட்டில் அடுப்படி இருந்தது, பூசை அறை இருந்தது, நெல் போட ஓர் அறை இருந்தது. எனக்கு ஓர் அறை வேண்டும் என்று அந்தப் பத்து வயதில் தோன்றவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

வாசல் வெறும் வேலை மட்டுமென்றால் கூலி கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அது ஓர் அனுமதியும்கூட. வாசலில் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் சாவு, அல்லது வீட்டுப் பெண் தூரம். மார்கழியில் ஒரே வாரத்தில் மூன்று நாள் கோலத்தின் கைமாறினால் தெருவே அவள் மாதவிடாயைக் கணக்கு வைத்துக்கொள்ளும். சின்ன வயதில் பால்காரர் எங்கள் வாசலைப் பார்த்து, “இன்னைக்கு ஆச்சி கோலமா?” என்று கேட்டதும் அக்கா உள்ளே ஓடியதும் எனக்கு நினைவிருக்கிறது.

சாதியும் அதே தரையில்தான் கிடந்தது. தொழுவத்திலிருந்து சாணி அள்ளி, தெருவரை பெருக்கித் தெளிக்க, ஊருக்கு வெளியிலிருந்து ஓர் அம்மா வருவார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், எங்களைவிட முப்பது வயது மூத்தவரை. தெளித்து முடித்ததும் அவர் விலகி நிற்பார். கோலப்பொடிச் செப்பை அவர் தொடக்கூடாது. தரையைத் தயார் செய்கிற கை வேறு, கோலம் போடுகிற கை வேறு. ‘பெண்களின் கலை’ என்று மொத்தமாக எழுதும்போது அந்தக் கை எழுத்திலிருந்தும் விலகித்தான் நிற்கிறது.

அப்பா இறந்த பிறகு ஒரு வருடம் வாசல் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த மார்கழிக்கு அம்மா பூசணி விதை ஊன்றினாள். பூவும் வந்தது. ஆனால் மார்கழி முதல் நாள் அவள் நடையைத் தாண்டவில்லை. யாரும் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி எல்லோரும் நடந்துகொண்டார்கள். மதினியிடம் பொடிச் செப்பு போயிற்று. அம்மா திண்ணையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “ஏளா, அந்த ஓரத்துல புள்ளி ஒண்ணு தப்பிட்டு பாரு” என்று திருத்திக்கொண்டிருப்பாள். நாற்பது வருடம் அந்த வாசலைச் செய்தவள்.

விடுமுறைக்குப் போயிருந்த நான் ஒரு நாள் விடியலில் கிணற்றடிக்குப் போனேன். துவைகல்லுக்கும் பூசணிக் கொடிக்கும் இடையில் இருந்த கொஞ்சம் சிமெண்டுத் தரையில் ஒரு சிக்குக்கோலம், பதினைந்து புள்ளி. பொடி இல்லை, அடுப்புச் சாம்பல். அம்மா வாளியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டாள். “சும்மா கை நமநமங்குது” என்றாள். அதைக் கலை என்று சொல்லவா, அடக்கப்பட்ட விருப்பம் என்று சொல்லவா? எந்தக் கோட்பாட்டுச் சொல்லையும் அந்தச் சாம்பல்மேல் வைக்க எனக்கு மனமில்லை. அன்று நான் செய்திருக்க வேண்டியது வேறு. மதினியிடமிருந்து செப்பை வாங்கி அம்மா கையில் கொடுத்து முன்வாசலுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் செய்யவில்லை.

இப்போது நான் இருப்பது மதுரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். வாசல் என்பது லிஃப்டுக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள டைல்ஸ். வீட்டு வேலைக்கு வருகிற அக்காதான் துடைத்துக் கோலம் போடுவார். மார்கழியில் எல்லா வீட்டிலும் கோலம் பெரிதாக வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாக வருவார். போன பொங்கலுக்குக் குடியிருப்பில் கோலப்போட்டி வைத்தார்கள். கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் சுண்ணாம்புக் கோடு கிழித்து இடம் ஒதுக்கி, வீட்டு எண்ணை எழுதியிருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய கட்டத்தில் அக்கா போட்டார். நான் வண்ணப்பொடி வாங்கிக் கொடுத்ததோடு சரி. இரண்டாம் பரிசு என் வீட்டு எண்ணுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் என் பெயரை முனைவர் சேர்த்துப் படித்தார்கள். நான் எழுந்து போட்டது யார் என்று சொன்னேன். கைதட்டினார்கள், பட்டியலில் என் பெயரே இருந்தது.

எவர்சில்வர் தூக்குவாளியை அக்காவிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“வாளி இருக்கட்டும் டீச்சர். மார்கழி பூரா ஒரு மணி நேரம் முன்னாடி வந்தேன்ல, அதுக்கு என்ன கணக்கு?”

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அந்த மார்கழிக்கு 29 நாள். ஒரு நாள்கூட அவர் விடுப்பு எடுக்கவில்லை.