சாளரத்திற்கு வெளியே நின்றவர்கள்: டேனிய இலக்கியம் காட்டும் இனிய நாடு

ஒரு நாடு வாழ்வதற்கு இனியது என்று எதைக் கொண்டு முடிவு செய்வது? வள்ளுவர் இவ்வினாவிற்கு 'நாடு' என்னும் அதிகாரத்தில் விடை வகுத்தார். விளைவையும் வளத்தையும் பேசிய அவர் அவற்றோடு நின்றுவிடவில்லை. ஆள்வோரும் மக்களும் பொருந்தி வாழாத இடத்தில் எல்லா வளமும் பயனற்றுப் போகும் என்னும் எச்சரிக்கையோடு அவ்வதிகாரத்தை நிறைவு செய்தார். இக்காலத்தில் அதே வினாவைப் புள்ளிவிவரங்களால் அளப்போர் உளர். 2012-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் கூட்டமொன்றையொட்டி வெளியான முதல் உலக மகிழ்ச்சி அறிக்கையில் டென்மார்க் முதலிடம் பெற்றது. 2018 முதல் 2025 வரை அவ்விடத்தைப் பின்லாந்து பெற்றுவந்தது எனினும், டென்மார்க் முன்வரிசையிலிருந்து விலகவில்லை.

இவ்வறிக்கைகளுக்குப் பின்னர் 'ஹூகெ' என்னும் டேனியச் சொல் உலகெங்கும் பரவியது. மெழுகுவத்தியின் ஒளி, கம்பளிப் போர்வை, நெருங்கிய நண்பர் சிலர், இளஞ்சூடான பானம், அவசரமற்ற பேச்சு ஆகியவை கூடிய மனநிறைவையே அச்சொல் குறிக்கும். 2016-ஆம் ஆண்டையொட்டி இதனை விளக்கும் நூல்கள் ஆங்கிலத்தில் பலவாக வெளிவந்தன. மெழுகுவத்தி ஏற்றினால் வாழ்வு இனிக்கும் என்று அவை கற்பித்தன. வாசலில் கோலம் இட்டதனால் வீடு எழும்பியது என்பதை ஒக்கும் இக்கூற்று. நீண்ட குளிர்காலத்தில் அகல் ஒளியை நாடுவது இயல்பு. ஆயின் அந்த அறைக்குச் சுவர் எழுப்பியது எது, கூரை வேய்ந்தது எது என்பதன்றோ வினா?

அவ்வினாவோடு டேனிய இலக்கியத்தை அணுகுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அந்நாட்டின் தலைசிறந்த நூல்கள் பல, அறைக்குள் அமர்ந்து எழுதப்பட்டவை போல் தோன்றவில்லை. ஒளி வீசும் சாளரத்திற்கு வெளியே, பனியில் நிற்பவரின் கண்களால் அவை நாட்டைப் பார்க்கின்றன.

தீக்குச்சி விற்ற சிறுமி

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1805-ஆம் ஆண்டு ஒடென்ஸ நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் பிறர் துணிகளை வெளுப்பவர். அவர் 1845-இல் எழுதிய தீக்குச்சிச் சிறுமியின் கதை தமிழில் சிறுவர் நூல் வழியாகப் பலரும் அறிந்ததே. ஆண்டின் கடைசி இரவில், விற்காத தீக்குச்சிகளோடு தெருவில் ஒடுங்கி அமர்கிறாள் சிறுமி. ஒவ்வொரு குச்சியாக உரசுகிறாள். கணப்பு அடுப்பு, வறுத்த வாத்து, நத்தார் மரம், இறந்துபோன பாட்டி என்று ஒவ்வொரு சுடரிலும் ஒரு காட்சி. விடியலில் அவள் உயிரற்றுக் கிடக்கிறாள்.

இக்கதையை இரக்கத்தின் கதை என்று மட்டும் கற்பிப்பது போதாது. அச்சிறுமி காணும் காட்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தல் வேண்டும். வெம்மை, உணவு, ஒளி, அன்பான உறவு ஆகியவை அவை. இன்று 'ஹூகெ' என்னும் பெயரில் உலகம் போற்றும் பொருள்கள் யாவும் அங்கே உள்ளன. அவற்றை அவள் வெளியிலிருந்து காண்கிறாள்; குச்சி எரியும் அளவே அவை நிலைக்கின்றன. இனிமை ஒருவருக்கு வாய்ப்பதும் மற்றவருக்குச் சுவரின் மறுபுறம் நிற்பதும் ஒரே தெருவில் நிகழ்கின்றன என்பதே கதையின் உட்பொருள். பாட்டியோடு அவள் விண்ணுலகு செல்வதாகக் கூறும் முடிவு அக்காலச் சமய உணர்வுக்கு ஆறுதல் தருவது. ஆயினும், மறுநாள் காலை அவளைச் சூழ்ந்து நின்றவர்கள் அவள் குளிர்காய முயன்றாள் போலும் என்று பேசிக்கொள்ளும் இடத்தில்தான் கதையின் கூர்மை உள்ளது. அவர்கள் கொடியவர் அல்லர்; பார்க்கத் தவறியவர்கள்.

ஆண்டர்சன் இக்கதையை எழுதியபோது ஒரு கோமகனின் மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்தார் என்பது நோக்கத்தக்கது. வெளியே நின்று வளர்ந்தவர், உள்ளே இடம் கிடைத்த பின்னும் வெளியை மறக்கவில்லை.

தமிழ் மாணவர்க்கு அந்த ஆண்டு வேறொரு வகையிலும் பொருளுடையது. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னரிடம் பெற்று, பின்னர்த் தமிழ் நூல்கள் அச்சேறிய ஊராகத் திகழ்ந்த தரங்கம்பாடியை டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றதும் 1845-ஆம் ஆண்டில்தான். அன்றைய டென்மார்க்கில் மன்னரின் தனியாட்சியே நடந்தது. 1849-இல் வந்த அரசியலமைப்பும் எல்லாரையும் உள்ளே அழைக்கவில்லை. பெண்களுக்கு வாக்கில்லை, ஏழை நிவாரணம் பெற்றுத் திருப்பிச் செலுத்தாதவர்க்கும் வாக்கில்லை. வறுமை அன்று ஒரு குற்றத்தைப் போலவே கருதப்பட்டது.

பெல்லெயின் பயணம்

மார்டின் ஆண்டர்சன் நெக்ஸோ 1869-இல் கோபன்ஹேகன் நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1906 முதல் 1910 வரை நான்கு பாகங்களாக எழுதிய 'வெற்றிவீரன் பெல்லெ' என்னும் நாவல், 1877-ஆம் ஆண்டு மே மாதத்து விடியலில் தொடங்குகிறது. சுவீடன் நாட்டுக் கூலிகளை ஏற்றிய கப்பல் போர்ன்ஹோல்ம் தீவை அடைகிறது. கூலி கூடுதலாகக் கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் லாஸ்ஸெ என்னும் முதியவர் தம் சிறுவன் பெல்லெயோடு வந்திறங்குகிறார். அவர் வேலைக்கு மிக முதியவர். மகனோ மிகச் சிறியவன். இறுதியில் 'கல் பண்ணை' என்னுமிடத்தில் மாட்டுத் தொழுவம் அவர்களுக்கு உறைவிடமாகிறது.

இன்று பிற நாட்டார் குடியேற விழையும் டென்மார்க், அன்று அண்டை நாட்டு ஏழையைத் தொழுவத்தில் வைத்திருந்தது என்னும் உண்மையை இந்நாவல் போல் அழுத்தமாகப் பதிந்த நூல் வேறில்லை எனலாம். தந்தையின் கோழைமையும் அன்பும் ஒருங்கே புலப்படும் முதற்பாகம் உலக இலக்கியத் தரமுடையது. பிற்பாகங்களில் பெல்லெ செருப்புத் தைக்கக் கற்கிறான், தலைநகரில் தொழிலாளர் தலைவனாகிறான், சிறை செல்கிறான், மீண்டு வந்து கூட்டுறவுத் தொழிற்சாலை அமைக்கிறான். அந்த நான்காம் பாகம் கலையளவில் மெலிந்தது. அங்கே மாந்தர் பேசுவதினும் கொள்கையே மிகுதியாகப் பேசுகிறது.

ஆயின் அம்மெலிவிலும் ஒரு வரலாற்று உண்மை அடங்கியுள்ளது. கூட்டுறவு என்பது நெக்ஸோவின் வெறுங்கனவு அன்று. 1864-ஆம் ஆண்டுப் போரில் பிரஷியாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, தன் ஆட்சியிலிருந்த தென்பகுதிகளை இழந்த நாடு அது. அங்கே உழவர்கள் 1882-இல் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கினர். பத்து மாடு வைத்திருப்பவர்க்கும் நூறு மாடு வைத்திருப்பவர்க்கும் அக்கூட்டுறவுகளில் ஒரே வாக்கு என்பது பொதுவான வழக்கம். கிரண்ட்விக் என்னும் பாவலரும் சமய அறிஞருமாகிய பெரியாரின் எண்ணத்தில் உதித்த மக்கள் உயர்பள்ளிகள் 1844 முதலே தோன்றியிருந்தன. தேர்வும் பட்டமும் இன்றி, உழவர் வீட்டு இளைஞர்க்குத் தாய்மொழியில் வரலாறும் பாட்டும் உரையாடலும் கற்பித்த பள்ளிகள் அவை. நெக்ஸோவும் அத்தகைய பள்ளியொன்றில் பயின்றவரே. நகரத் தொழிலாளரோ சங்கம் அமைத்தனர். 1899-இல் முதலாளிகள் பல திங்கள் கதவடைப்புச் செய்தபோது அவர்கள் சிதறவில்லை; இரு தரப்பும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட உடன்பாட்டோடு அப்போராட்டம் முடிந்தது. நாட்டின் இனிமைக்குச் சுவர் எழுப்பியவை இவையே.

சமத்துவத்தின் மறுபக்கம்

சுவர் எழுந்த பின் இலக்கியம் ஓய்ந்துவிடவில்லை. டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் குடியேறிய அக்செல் சாண்டமோசே, 1933-இல் நார்வே மொழியில் வெளியிட்ட நாவலில் 'யாண்டெ' என்னும் கற்பனை ஊரைப் படைத்தார். அது அவர் பிறந்த நிகோபிங் என்னும் சிற்றூரின் நிழல். அவ்வூரை ஆளும் பத்து எழுதாச் சட்டங்களை அவர் எழுதிக் காட்டினார். தன்னைப் பிறரினும் மேலானவன் என்று எவனும் எண்ணலாகாது என்பதே அவற்றின் சாரம்.

'யாண்டெயின் சட்டம்' என்பதைப் பலர் இன்று டேனியரின் அடக்கத்துக்குச் சான்றாகப் பாராட்டுகின்றனர். இது நூலைப் படிக்காதவர் கொண்ட கருத்து. சாண்டமோசே அதனை அறமாகக் கூறவில்லை. ஒரு குழந்தையின் நெஞ்சை நசுக்கும் கொடுமையாகவே கூறினார். எவரும் உயர்ந்தவர் அல்லர் என்னும் சமத்துவம், எவரும் உயர முயலலாகாது என்னும் அடக்குமுறையாக மாறும் நுண்ணிய எல்லையை அவர் காட்டினார்.

டோவெ டிட்லெவ்சன் அந்த எல்லையை ஒரு பெண்ணின் வாழ்வில் வைத்துக் காட்டினார். 1917-இல் கோபன்ஹேகன் நகரின் வெஸ்டர்புரோ பகுதியில், நீராவிக் கொதிகலனுக்குக் கரியிடும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் அவர். அவருடைய தன்வரலாறு, 1967-இல் வந்த 'குழந்தைமை', 'இளமை' ஆகிய இரு நூல்களாகவும் 1971-இல் வந்த மூன்றாம் நூலாகவும் அமைந்தது. சமவுடைமை பேசிய தந்தை, பெண் கவிஞராக இயலாது என்று மகளிடம் கூறுகிறார். உலகைச் சமமாக்க விழைந்தவரின் வீட்டிலேயே மகளுக்குச் சமன் இல்லை. மூன்றாம் நூலின் டேனியத் தலைப்புச் சொல்லுக்கு 'மணமானவர்' என்றும் 'நஞ்சு' என்றும் இரு பொருள் உண்டு. மருத்துவராகிய கணவர் செலுத்திய மருந்துக்கே அடிமையானதை அந்நூல் விவரிக்கிறது. சிலேடையைத் தமிழில் விளையாட்டாகவே கண்டு பழகிய மாணவர், ஒரு சொல் இரு முனையும் கூரான கத்தியாவதை அங்கே காணலாம்.

அவருடைய இளமைக் காலத்தில், 1933-இல், சமூகச் சீர்திருத்தச் சட்டங்கள் நிறைவேறின. உதவி என்பது இரந்து பெறும் பிச்சையாக இல்லாமல் குடிமக்களின் உரிமையாகும் வழி திறந்தது. நிவாரணம் பெற்றதனாலேயே வாக்கை இழக்கும் இழிவும் பெரிதும் குறைந்தது. ஆயின், சட்டம் பசியைப் போக்கலாம்; மகளின் கவிதையைத் தந்தை மதிக்குமாறு செய்யச் சட்டத்தால் இயலாது. அந்த இடத்தில் நின்றே டிட்லெவ்சன் எழுதினார்.

புதிய சாளரம்

2013-இல் யாஹ்யா ஹசன் என்னும் பதினெட்டு வயது இளைஞரின் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. பாலஸ்தீனப் பெற்றோர்க்கு ஓர்ஹுஸ் நகரில் பிறந்தவர் அவர். வரிகள் முழுவதும் பெரிய எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டன. பக்கத்தைப் பார்த்தாலே உரத்த குரல் கேட்கும். அடிக்கும் தந்தையையும், சமயப் போலிமையையும், சிறுவர் காப்பகங்களையும், குடியேறியவரை ஒதுக்கும் நாட்டையும் அவர் ஒருசேரச் சாடினார். ஒரு தரப்பார் அவரைத் தம் கட்சிக்குச் சான்றாக்க முயன்றனர். மறுதரப்பார் துரோகி என்றனர். கவிதைகள் இரு தரப்புக்கும் இடம் கொடுக்கவில்லை. அன்று அறுபது இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழ்ந்த நாட்டில் அந்நூல் ஓர் இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 2020-இல், இருபத்து நான்கு வயதில் அவர் மறைந்தார்.

அந்த விற்பனையை வெறும் பரபரப்பு என்று ஒதுக்குவது எளிது. பரபரப்பும் இருந்தது உண்மையே. ஆயினும் தன்னைச் சாடும் நூலை ஒரு நாடு தன் கைக்காசு கொடுத்து வாங்கிப் படித்தது என்பதும் உண்மை. கேட்பது எப்போதும் காலத்தில் நிகழ்வதில்லை. கோபன்ஹேகனில் கூரையிலிருந்து விழுந்து இறந்த கிரீன்லாந்துச் சிறுவனை வைத்துப் பேட்டர் ஹோய் 1992-இல் ஒரு புகழ்பெற்ற நாவல் எழுதினார். கிரீன்லாந்துப் பெண்கள் பலருக்கு 1960-களிலிருந்து அவர்தம் இசைவின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்ட கொடுமைக்கு டேனியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டதோ 2025-இல்தான்.

குறை கூறலும் நன்றியும்

இங்கே ஒரு தடை எழலாம். கூட்டுறவை உழவர் அமைத்தனர். சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. கதையும் கவிதையும் செய்தது என்ன? இத்தடை நியாயமானதே. தீக்குச்சிச் சிறுமியின் கதை ஒரு சட்டத்தையும் இயற்றவில்லை. இலக்கியம் நாட்டைக் கட்டியது என்று உரிமை கொண்டாடுவது மிகை. அது செய்த பணி வேறு. சாளரத்திற்கு உள்ளே இருப்போர் எழுந்து வந்து வெளியே பார்க்கும் வழக்கத்தை அது விடாமல் வைத்திருந்தது. தலைமுறைதோறும் வெளியே நிற்பவர் மாறினர்: தெருச்சிறுமி, அயல்நாட்டுக் கூலி, அடங்க மறுத்த இளைஞன், எழுத விழைந்த மகள், குடியேறியவரின் மகன். பார்வை மட்டும் மாறவில்லை.

எனவே, நாட்டுப்பற்றுள்ள இலக்கியம் நாட்டைப் புகழ வேண்டும் என்னும் கருத்து மறு ஆய்வுக்கு உரியது. புகழ்ந்து எழுதப்பட்ட நூல்கள் டேனிய மொழியிலும் உண்டு. ஆயின் உலகம் இன்றும் தேடிப் படிப்பவை குறையை எடுத்துரைத்த இந்நூல்களே. அந்நாட்டார் அவற்றை நன்றி மறந்தவரின் பேச்சு என்று தள்ளிவிடவில்லை. தம் உடைமை எனப் பேணினர். ஏழ்மையின் கொடுமையை எழுதிய வண்ணாத்தியின் மகனுக்குத் தலைநகரில் சிலை வைத்தனர்.

இலக்கியம் கற்பிக்கும் வகுப்பில் இதற்கு ஒரு பயன் உண்டு. இனிய நாடு எது என்று கேட்டால், மாணவர் உயர்ந்த கட்டடங்களையும் தூய தெருக்களையும் பட்டியலிடுவர். அப்பட்டியல் தவறன்று. அதனோடு இரண்டாம் வினாவையும் ஆசிரியர் கேட்கலாம்: அந்தத் தெருவில், விளக்கு எரியும் வீட்டிற்கு வெளியே நிற்பவர் எவர்? அவரைப் பற்றி அந்நாட்டு எழுத்தாளர் எவரேனும் எழுதியுள்ளனரா? எழுதியதை நாடு படித்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர், மகிழ்ச்சி அறிக்கைகள் அளக்காத ஒன்றை அளக்கக் கற்றுக்கொள்வர்.