இரண்டாம் இடமும் எல்லமலை ரோடும்

"சுகாதாரத்துல நம்ம மாநிலம் இந்தியாவுக்கே ரெண்டாவது, தெரியுமா?" என்று ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார். தெரியும். 2021 டிசம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட சுகாதாரக் குறியீட்டின் நாலாவது சுற்றில், 19 பெரிய மாநிலங்களில் கேரளா 82.20, தமிழ்நாடு 72.42, தெலங்கானா 69.96. அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில், இந்த மதிப்பெண் சும்மா வந்ததில்லை. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறக்கும் தாய்மார்கள் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்ப 1994-லேயே தனிக் கழகம் அமைத்தோம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ஓவேலியில் இருக்கும் என் அம்மாவுக்கு சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இதையெல்லாம் குறைத்துப் பேசினால் அது நன்றிகெட்டதனம்.

ஆனால் குறியீடு எதை அளக்கிறது? 24 அளவீடுகள்: சிசு மரணம், தடுப்பூசி, காலிப் பணியிடங்கள் இந்த மாதிரி. தொற்றா நோய்கள், மனநலம், வைத்தியச் செலவால் குடும்பம் கடனில் விழாமல் காப்பது, இவற்றை முழுசாகச் சேர்க்கத் தரவு இல்லை என்று அறிக்கையே ஒத்துக்கொள்கிறது. நேர்மைதான். ஆனால் பத்திரிகைத் தலைப்புக்கு வந்தது ரேங்க் மட்டும்தான்.

என் தொழிலில் ஒரு சர்வர் சராசரியாக எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்பதை வைத்து யாரும் திருப்திப்படுவதில்லை. மிக மெதுவாகப் பதில் கிடைத்த அந்தக் கடைசி ஒரு சதவீதப் பேரைத்தான் பார்ப்போம். கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். மாநிலச் சராசரியில் ஓவேலி அந்தக் கடைசி ஒரு சதவீதத்தில் கரைந்துபோகிறது.

அப்போ ஊர்வாரியாகக் கணக்கெடுத்தால் சரியாகுமா? ஆகாது. வருஷத்துக்கு 300 பிரசவம் நடக்கும் ஒரு பகுதியை வைத்துக்கொள்வோம். 54 என்ற விகிதத்தில் அங்கே ஆறு வருஷத்துக்கு ஒரு தாய் இறக்கலாம். இறக்காத வருஷம் விகிதம் பூஜ்யம், உலகத்திலேயே முதலிடம். ஒருவர் இறந்த வருஷம் 333. எதுவுமே மாறாமல் ரேங்க் மட்டும் குதிக்கும். சின்ன ஊருக்கு விகிதம் பிரயோஜனப்படாது.

ரேங்க் மோகம் புதுசில்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளை வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் 1, இலங்கை 76, இந்தியா 112. கண்டியிலிருந்து வந்த எங்க தாத்தா கேட்டிருந்தால் "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றிருப்பார். ஆனால் அந்த அறிக்கையின் ஆசிரியராக இருந்த பிலிப் மஸ்குரோவே பிற்பாடு எழுதினார்: அதில் பயன்பட்ட எண்களில் 61 சதவீதம் நேரில் அளந்தவை இல்லை, மாடல் போட்டு நிரப்பியவை என்று. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் அப்படி ஒரு வரிசையை வெளியிடவே இல்லை.

இப்போது என் காரணம். மூணு வருஷத்துக்கு முன், மழைக்காலத்து ராத்திரி, அப்பாவுக்கு வாய் கோணி வலது கை விழுந்துவிட்டது. ஜீப் கிடைக்கவே நேரம் ஆனது. வழியில் யானை நின்றது, காத்திருந்தோம். முதலில் போன இடத்தில் ஸ்கேன் இல்லை. அடுத்த இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் ஸ்கேன் அறைக்குள் போனபோது ஆறு மணி நேரம் தாண்டியிருந்தது. யாரும் அலட்சியமாக நடக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்பா பிழைத்துக்கொண்டார். முப்பது வருஷம் கவாத்துக் கத்தி பிடித்த கை இப்போது டம்ளர் பிடிப்பதில்லை. பதிவேட்டில் அவர் 'குணமாகி வீடு திரும்பியவர்'.

அந்த ஆறு மணி நேரம் எந்த அளவீட்டிலும் இல்லை. மலையில் 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அதுகூடத் தலைக்கணக்குதான். தேர்ந்தெடுத்த மலை மாவட்டங்களில் துணை சுகாதார நிலையம் 30 நிமிட நடைக்குள் இருக்கும்படி அமைக்கலாம் என்று மத்திய வழிகாட்டலிலேயே யோசனை இருக்கிறது. அந்த நேரக்கணக்கை ரேங்குக்குள் கொண்டுவரவில்லை. ஊட்டியில் 700 படுக்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தது பெரிய விஷயம். ஆனால் கூடலூரிலிருந்தே ஊட்டி 50 கிலோமீட்டர், மலைப்பாதை. எல்லமலையிலிருந்து முதலில் கூடலூருக்கு இறங்கி வர வேண்டும்.

வேறு விதமாக எண்ண முடியாதா? கூடலூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1990-ல் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, பணியர், காட்டுநாயக்கர் ஊர்களில் அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி வீடு வீடாகப் போனது. யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று ஆளாகத் தெரிந்துகொள்ளும் முறை அது. அங்கே விகிதமே தேவைப்படாது.

அதனால் என் யோசனை சின்னதுதான். பக்கவாதம், பிரசவம், பாம்புக்கடி, இந்த மூன்றுக்கும் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரமும் சிகிச்சை தொடங்கிய நேரமும் கேஸ் ஷீட்டில் இரண்டு வரியாகப் பதிவாகட்டும். வருஷக் கடைசியில் சராசரி போட வேண்டாம். மிகத் தாமதமான பத்து பேரின் கதையை எடுத்து, ஒவ்வொன்றிலும் நேரம் எங்கே போனது என்று பார்க்கட்டும்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஆமா, ரெண்டாவது இடம்தான்" என்றேன். அது உண்மையும்கூட.