புதிய கூத்தும் பழைய செவியும்

ஒரு கலைப்படைப்பு அரங்கேறிய மறுநாள் அதைப் பற்றி எழும் பேச்சு, படைப்பின் தன்மையை விளக்குவதோடு பேசுவோரின் வாழ்வையும் விளக்கிவிடுகிறது. மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள மாதோட்டப் பெருநிலத்து ஊர்களிலும் புதிய கூத்தொன்று மேடையேறினால், மறுநாட் காலையில் மீன் வாடியிலும் தேநீர்க் கடையிலும் கோயில் முற்றத்திலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்பு ஒலிப்பதைக் கேட்கலாம். "எல்லாம் சரிதான், ஆனால் முந்தின கூத்துப் போல வராது." கூத்தைக் கட்டியவர் இளைஞராயின் இத்தீர்ப்பு அவரை வாயடைக்கச் செய்துவிடுகிறது. மறுமொழி கூற அவருக்கு வழியில்லை. முந்தின கூத்தை அவர் பார்த்ததே இல்லை. இத்தீர்ப்பில் விமர்சனம் எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்பதைப் பகுத்து நோக்குவது நமது கடமையாகிறது.

மன்னார்க் கூத்து வெறும் பொழுதுபோக்காக வளர்ந்ததன்று. 16ஆம் நூற்றாண்டில் இக்கரையோர மக்களிடையே கத்தோலிக்க சமயம் பரவியது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். காலப்போக்கில் மேலைநாட்டுப் புனிதர் கதைகள் தமிழ்க் கூத்தின் தருவிலும் விருத்தத்திலும் கலந்து புத்துருப் பெற்றன. 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' என்ற பெயரையே நோக்குவோம். எம்பரதோர் என்பது பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழுருவாகும். ஐரோப்பியப் பேரரசன் ஒருவன் மத்தளத்துக்கும் தாளத்துக்கும் ஏற்ப நமது களரியில் முதன்முதல் அடியெடுத்து வைத்தபோது, "இது நம் கூத்தன்று" என்று முணுமுணுத்த முதியோர் ஒருவரேனும் இருந்திருக்க மாட்டாரா? அன்றைய புதுமையைத்தான் இன்று நாம் மரபென்று போற்றுகிறோம்.

புதிய கூத்தின்மீது வைக்கப்படும் முதற் குற்றச்சாட்டு அதன் சுருக்கமாகும். விடிய விடிய ஆடிய கூத்தை இரண்டு மணிநேரத்தில் முடிப்பது கூத்தைக் கொல்வதாகும் என்பர். மன்னாரின் கூத்து வரலாறே இதற்கு விடை கூறுகிறது. பல இரவுகள் நீண்ட நாடகங்களைச் சுருக்கி அமைத்த வடிவமே வாசாப்பு என்று இத்துறையை ஆராய்ந்தோர் குறிப்பிடுவர். மக்களின் தொழிலும் நேரமும் மாறியபோது கூத்தும் தன் அளவை மாற்றிக்கொண்டது. அந்த வாசாப்பை உரிமையோடு கொண்டாடுபவர்களே இன்றைய சுருக்கத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது வியப்புக்குரியது.

இரண்டாவது குற்றச்சாட்டு இசை பற்றியது. புதிய கருவி எதுவும் களரிக்குள் வரலாகாது என்போர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. வடபுலத்துக் கூத்து மேடைகளில் இன்று பழமையின் அடையாளம்போல் வீற்றிருக்கும் ஆர்மோனியம், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவாகி, பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்த கருவியாகும். நேற்றைய விருந்தினன் இன்று வீட்டுக்காரனாகி வாசலில் நின்று மற்றவரைத் தடுக்கிறான்.

இந்த வழக்கு மன்னாருக்கு மட்டும் உரியதன்று. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் பெற்ற வெற்றியைக் கண்டு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைச் செப்பனிட்டு நகர மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என அவை வந்தன. ஓரிரவுக் கூத்து சிறுபொழுதுக்குள் அடங்கியதைக் கண்டு பாராட்டியோரும் உண்டு. வட்டக்களரியின் உயிர் படச்சட்ட மேடையில் போய்விட்டது எனக் குறைகூறினோரும் உண்டு. அதே வித்தியானந்தனே 'எண்டிறீக்கு எம்பரதோர்' நாடகத்தை 1964இலும் 'மூவிராசாக்கள்' நாடகத்தை 1966இலும் பதிப்பித்து, ஏடுகளில் செல்லரித்துக் கொண்டிருந்த மன்னார்ச் செல்வத்தை அச்சேற்றினார். பழையதைக் காப்பதும் புதியதை ஆக்குவதும் பகைத் தொழில்கள் அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பழைய செவியின் இப்பிடிவாதம் எந்த அளவுக்கு உலகப் பொதுவானது என்பதை அறிய நாம் இத்தாலி வரை சென்று பார்க்கலாம். மன்னார்க் கத்தோலிக்கருக்கு உரோமாபுரியின் நாடு அந்நியமன்று. அதன் சிசிலித் தீவிலுள்ள பாலெர்மோ நகரில் இன்று ஈழத் தமிழர் பலர் குடியேறி வாழ்கின்றனர். அந்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் 'முற்போக்கு றொக்' என்ற இசைவகை மலர்ந்தது. இப்பெயரிலுள்ள முற்போக்கு இசைவடிவத்தைக் குறித்ததேயன்றி அரசியலை நேரே குறித்ததன்று. எனினும் அக்குழுக்களின் பெயர்களில் உழைப்பாளர் வாழ்வின் வாடை வீசியது. 'பிரெமியாத்தா போர்னெரியா மார்க்கோனி' என்பது ஒரு வெதுப்பகத்தின் பெயரால் அமைந்தது. 'பாங்கோ தெல் மூத்துவோ சொக்கோர்சோ' என்பது பரஸ்பர உதவி வங்கி எனப் பொருள்படும். 1969இன் தொழிலாளர் எழுச்சிக்குப் பின் வந்த இத்தாலி அது. இரு குழுக்களும் தம் முதல் இசைத்தட்டுகளை 1972இல் வெளியிட்டன. பாங்கோ அதே ஆண்டில் உயிர்களின் பரிணாமத்தையே பொருளாக்கி 'தார்வின்' என்ற தட்டையும் இசைத்தது.

அரை நூற்றாண்டு கழிந்தது. பாங்கோவின் பாடகர் பிரான்செஸ்கோ தி ஜாக்கொமோ 2014இல் சாலை விபத்தில் மாண்டார். 2019இல் வேறொரு பாடகரோடு அக்குழு 'திரான்சிபெரியானா' என்ற புதிய தொகுப்பை வெளியிட்டது. புதுப் பாடல்கள் கொண்ட முழுத் தொகுப்பை அது வெளியிட்டு 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றக் குழுவில், தொடக்க முதல் கிற்றார் இசைத்த பிராங்கோ முசீதா 2015இல் விலகினார். 2017இலும் 2021இலும் அக்குழுவின் புதிய தொகுப்புகள் இத்தாலிய மொழியிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தன. இரசிகர் இருவகைப்பட்டனர். அந்தக் குரல் இல்லாத பாங்கோ பாங்கோவாகுமா என்றனர் ஒரு சாரார். ஆங்கிலத்தில் பாடினால் சொந்த மண் எங்கே என்றனர் வேறு சிலர். 1973இலேயே அக்குழு தன் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்ததை அவர்கள் மறந்தனர். மறு சாராரோ, மனிதர் மறைந்த பின்னும் ஒரு கூட்டு முயற்சி தொடர்கிறதே என்று மகிழ்ந்து புதிய பாடல்களை அவற்றின் தகுதிக்கேற்பக் கேட்டனர். முதற் சாரார் கேட்க விரும்பியது இசையையன்று, தமது இருபதாம் வயதை. எந்தக் குழுவாலும் அதைத் தட்டில் பதித்துக் கொடுக்க இயலாது.

ஆயினும் இத்தாலிய இரசிகரையும் மன்னார் முதியவரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. முன்னவர் தட்டை விலைகொடுத்து வாங்கியவர். பின்னவரோ கூத்துக்குத் தோள்கொடுத்தவர், கொட்டகைக்குத் தடி வெட்டியவர், ஆடுவோருக்குச் சோறிட்டவர், பிற்பாட்டுக்குக் குரல் சேர்த்தவர். உழைப்பினால் வந்த அவரது உரிமை பெரிது. அவர் இழந்ததும் பெரிது. 1990இல் போர் இத்தீவைக் குலைத்தபோது பலர் படகேறி மண்டபம் முகாமை அடைந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற அயலூர்கள் வெறுமையாயின. 2007 முதல் 2009 வரை மாதோட்டத்து மக்கள் ஊர் ஊராகத் துரத்தப்பட்டு முள்ளிவாய்க்கால் வரை சென்றனர். மடுமாதாவின் திருச்சொரூபமே 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. "முந்தின கூத்துப் போல வராது" என்று முதியவர் கூறும்போது, முந்தின ஊர், முந்தின அயலவர், களரியைச் சுற்றிப் பாய்விரித்து அமர்ந்திருந்து இன்று இல்லாத முகங்கள் ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. இத்துயரை ஏளனம் செய்பவன் கலையையும் அறியான், மக்களையும் அறியான்.

ஆனால் துயரத்தைச் சட்டமாக்கி இளையோரின் தலையில் சுமத்துவதை நாம் ஏற்பதற்கில்லை. இழந்த ஊரைக் கூத்து மீட்டுத்தர இயலாததற்கு இளைய அண்ணாவியார் பொறுப்பாளி அல்லர்.

அதேவேளை புதுமை என்றாலே கைதட்டும் கூட்டமும் நமது கண்டனத்துக்குரியதே. போட்டி மேடைக்கென்று கூத்தைப் பதினைந்து நிமிடத் துணுக்காக வெட்டி, பளபளக்கும் உடுப்பும் ஒலிபெருக்கியின் பேரோசையும் சேர்த்து, பிரமுகரை வரவேற்கும் அலங்காரமாக்குவோர் இருக்கின்றனர். அங்கே கதையும் இல்லை, ஊரும் இல்லை. பரிசுக் கேடயம் மட்டுமே எஞ்சுகிறது. வாசாப்பு சுருங்கியது மக்களின் வசதிக்காக. இத்துணுக்கு சுருங்குவதோ அதிகாரிகளின் வசதிக்காக. இவ்வேறுபாட்டை உணராத இரசிகர், பழமைவாதியைப் போலவே கூத்துக்குத் தீங்கிழைப்பவர்.

அவ்வாறாயின் புதிய கூத்தைக் காண்போர் எதைக் கேட்க வேண்டும்? சுருக்கியதில் எது விடப்பட்டது, ஏன் விடப்பட்டது என்று கேட்கட்டும். புதிய மெட்டு பாத்திரத்தின் துன்பத்தை நமக்கு அணித்தாகக் கொணர்கிறதா என்று கேட்கட்டும். இவை அனைத்துக்கும் மேலாக, இக்கூத்து இன்றைய மன்னாரை அறியுமா என்று கேட்கட்டும். இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் விடை பெறவில்லை. காற்றாலைத் திட்டத்துக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் இத்தீவின் மக்கள் வீதியில் இறங்கினர். கொடுங்கோல் மன்னர் முன் அஞ்சாது நின்ற புனிதரைப் பாடிய களரிக்கு, இவர்களைப் பாடுதல் இழுக்கன்று. அம்மரபின் இயல்பான அடுத்த அடியே அது.

முதியவருக்கு நாம் ஒன்று கூறுவோம். தங்கள் நினைவிலுள்ள தருவை, மெட்டை, ஆட்ட நுணுக்கத்தை இளையவருக்குப் பாடிக் காட்டுங்கள், தவறினால் திருத்துங்கள், அதன்பின் அவர்கள் கட்டும் கூத்தை இறுதிவரை அமர்ந்து பாருங்கள். இளையவருக்கும் ஒன்று கூறுவோம். மத்தளத்தில் கைவைக்கும் முன் அந்த முதியவரின் திண்ணையில் சில மாலைகள் அமருங்கள். அடுத்த திருவிழாவில் புதிய கூத்து ஏறும்போது மங்களம் பாடும்வரை இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்களாயின், மறுநாட் காலைப் பேச்சில் நியாயமான குறைகளும் நியாயமான பாராட்டும் கட்டாயம் இடம்பெறும்.